மாப்பிள்ளையின் மூக்கு ரத்தம்

1967இல், தாம்பரத்து ஆஸ்பத்திரியின் அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் எட்மண்ட், அவன் மாமியார் ரத்தினபாய், அவளுடைய அண்ணன் லாசரஸ் ஆகிய நான், டாக்டர் கேசவன், ஆயா அங்காளம்மா. இறந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

எட்மண்டின் மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மடியில் இருந்த பேசின் சிவந்திருந்தது.

அவன் மனைவி தபீதாள், என் தங்கையின் மகள், மாடம்பாக்கம் ஏரியில் பிணமாக மிதந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தானாகக் குதித்தாள் என்று ஊர் முடிவு கட்டியது. தற்கொலை என்பதால் சர்ச்சில் மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலோரமாகத் தனியே புதைத்தார்கள். பரம்பரையாகச் சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார் குடும்பம் எங்களுடையது. எங்களில் யாரையும் அப்படிப் புதைத்ததில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் எட்மண்டுக்கு ரத்தம் வரத் தொடங்கியது.

டாக்டர், முன்பு மூக்கில் திணித்திருந்த துணிநாடாவை இழுத்தார். சிவப்பாக, முழம் முழமாக வந்தது.

"பிரஷர் நார்மலா இருக்கு. ஏன் நிக்க மாட்டேங்குதுன்னே புரியல."

பேசினை மாற்ற வந்த அங்காளம்மா விடவில்லை. "தண்ணில செத்தவ புட்ச்சிகினு கீறா டாக்டரே. இன்னா சார், ஏரியாண்ட போனியா?"

"ஏரியா? அந்தப் பக்கமே நான் போனதில்ல. எங்க தெருவுல குழாய் இருக்கு, எனக்கு எதுக்கு ஏரி?" என்றான் எட்மண்ட்.

"நீ போவாட்டி இன்னா? அவ வூடு தேடிகினு வருவா."

"வாயை மூடு ஆயா. எங்க வீட்டுப் பொண்ணு பேயா அலையறவ இல்ல" என்றேன்.

ரத்தினபாய் மருமகனின் தலையைத் தன் கையில் தாங்கியிருந்தாள்.

எட்மண்ட் திடீரென்று டாக்டரின் கையைப் பிடித்தான். "உள்ள ஏதோ அசையுது டாக்டர். படுத்தா விரல் மாதிரி நெருடுது. அவ விரல்தான்!"

"ரத்தக்கட்டியா இருக்கும்." நெற்றிக் கண்ணாடியைச் சரித்து உற்றுப் பார்த்த டாக்டரின் குரல் மாறியது. "கட்டி நகருமா?"

உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இடுக்கியை நுழைத்து மெல்ல இழுத்தார். கறுத்துக் கொழுத்த ஒன்று தட்டில் விழுந்து நெளிந்தது.

அட்டை.

"அய்ய, இதுவா பேயி!" என்று அங்காளம்மா சிரித்தாள். எட்மண்டும் சிரித்தான். ரத்தம் குறைந்துகொண்டிருந்தது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "குழாய்த் தண்ணியில இது வராது. ஏரி, குளத்துல முகம் முங்கினாத்தான் ஏறும். நூல் மாதிரி ஏறி, உள்ள இருந்தே பெருத்திருக்கு. ஒரு மாசம் இருக்கும். எந்த ஏரியில குளிச்சீங்க?"

எட்மண்டின் சிரிப்பு நின்றது. ரத்தினபாய் அவன் தலைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்தப் பக்கமே போனதில்லன்னீங்களே, மாப்பிள்ளை?" என்றாள்.

தபீதாள் தானாகக் குதித்தாள் என்று மாடம்பாக்கத்தில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பொய்.