கதவின் முதுகு

மூன்று நாளாய் ஓயாத பனிப்புயல். வெளியே குவிகிற பனியை முதுகால் தாங்கித் தாங்கி, அந்த வீட்டு வாசற்கதவுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

உள்ளே கணப்படுப்பை ஒட்டிச் சுருண்டு கிடந்த பூனை ஒற்றைக் கண்ணைத் திறந்தது.

"உன் காலடியில காத்து வருது. கொஞ்சம் நெருக்கி நில்லேன்."

"முதுகு விறைச்சுப்போச்சு," என்றது கதவு.

"வீட்டோட இருக்கிற உனக்கென்ன குளிரு?"

கதவு நிலையோடு இன்னும் ஒட்டிக்கொண்டது.

நாலாம் நாள் வெயில் வந்தது. வெளியே போக ஓடிவந்த பூனை கதவை முட்டித் தள்ளியது. அந்தப் பக்கம் ஆளுயரப் பனி. கதவால் இம்மியும் அசைய முடியவில்லை.

பூனை அடுப்பைத் திரும்பிப் பார்த்தது. "மூணு நாளா சும்மாதானே நின்னுச்சு? இப்ப ஒரு வேலை சொன்னா, முரண்டு பிடிக்குது பாரு!"