கல்யாண ஆல்பம்

ஒன்பது வருஷத்தில் ஒருநாளாவது என் முகத்தை இப்படிப் பார்த்திருப்பாரா இவர் என்று நினைக்கிறாள் மனைவி. விபத்தில் நினைவைத் தொலைத்த கணவன், ஆஸ்பத்திரி ஜன்னலோரம் அமர்ந்து அவளுக்காக ஆரஞ்சு உரிக்கிறான். மாலை வெயில் அவன் விரல்களில் வழிகிறது. வெள்ளை நாரைக்கூட விடாமல் எடுத்துவிட்டு, சுளைகளைத் தட்டில் அடுக்கி, அவள் முகத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு நீட்டுகிறான். "சாப்பிடுங்க. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" கதவோரம் நிற்கும் நாத்தனார் தலையில் அடித்துக்கொள்கிறாள். "போச்சு போங்க அண்ணி, உங்களை நர்சுன்னு நினைச்சுட்டாரு!" கல்யாண ஆல்பத்தை அண்ணியின் கையில் திணித்துக் கிசுகிசுக்கிறாள். "காட்டுங்க. பொண்டாட்டின்னு தெரிஞ்சா பழையபடி ஆயிடுவாரு." பழையபடி என்றால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் 'தண்ணி' என்று மட்டும் சொல்கிற மனுஷன். அவள் ஆல்பத்தைத் திறக்காமலே திருப்பிக் கொடுக்கிறாள். "வேண்டாம்மா. நான் யாருன்னு அவரே கேட்கட்டும்."