கேள்விகள் கடைசியில்

நீர்க்காகத்தைக் கொக்கு கடைசியாக உயிரோடு பார்த்தது, ஏரிப் பறவைகளுக்குத் தான் நடத்திய மீன்பிடிப் பயிற்சி வகுப்பில்தான். ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பதை விளக்கிக்கொண்டிருந்தது கொக்கு.

"நின்னா மீன் தானா வந்து வாயில விழுமா, அண்ணே?" என்றது பின்கிளையிலிருந்த நீர்க்காகம். பறவைகள் சிரித்தன. "நான் முங்கிப் பிடிக்கிறவன். அடியில வலை கிடந்தா என்ன பண்றது?"

வலை கட்டியிருந்த இடம் கொக்குக்குத் தெரியும். ஆனாலும் சிரிப்பு அதைச் சுட்டிருந்தது. "கேள்வியெல்லாம் கடைசியில்" என்றது.

கடைசிவரை இருக்கப் பொறுமையில்லாமல் நீர்க்காகம் பறந்துபோனது. மறுநாள் மீனவர்கள் இழுத்த வலையில் அது இறந்து கிடந்தது.

இப்போதெல்லாம் வகுப்பைத் தொடங்கும்போதே, "கேள்வி இருக்கா?" என்று கொக்கு கேட்கிறது. கேட்டபடியே பின்கிளையை நிமிர்ந்து பார்க்கிறது. அங்கே நீர்க்காகத்தின் வெள்ளை எச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது.