மாலை போட்ட படம்

ரேணுகாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மாலையோடு இருந்த படத்தைப் பார்த்ததும் சாருமதி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அது அவளே எடுத்த படம். தான் விற்ற மூலிகைப் பொடியால் ரேணுகா எப்படி மெலிந்தாள் என்று காட்ட, பழைய குண்டுப் படத்துக்குப் பக்கத்தில் போட்டு ஊருக்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பியது. பழையதை மட்டும் இப்போது வெட்டிவிட்டிருந்தார்கள். படத்தில் ரேணுகா இடது மார்பில் உள்ளங்கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழகுக்காக வைத்த கை இல்லை அது. "நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா" என்றாள் அன்றைக்கு. "கொழுப்பு கரையுதுல்ல, அப்படித்தான் இருக்கும். பொடி வேலை செய்யுதுடி. கையை எடுக்காத, அப்படியே சிரி" என்று சொல்லித்தான் சாருமதி படம் எடுத்தாள்.

"தூக்கத்துலயே போயிட்டா. மாரடைப்பாம், இந்த வயசுல!" என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். பொடி என்ற பேச்சையே ஒருவரும் எடுக்கவில்லை. அந்த நிம்மதி வெளியே தெரிந்துவிடாமல் சாருமதி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

வாசலில் ரேணுகாவின் தங்கை வினோதினி வழிமறித்தாள். அவளும் பருமனான பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சாருக்கா, எங்கக்கா டப்பாவுலருந்து நானும் ஒரு வாரமா கலக்கிக் குடிக்கிறேன்" என்று கிசுகிசுத்தாள். பிறகு சாருமதியின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பொறியில் சிக்கிய எலிபோல் உள்ளே அது தாறுமாறாக முட்டியது.

"வேலை செய்யுதுல்லக்கா?"