முப்பது கிலோ

பாவூர்சத்திரம் காய்கறி மண்டித் தராசில் மணிமுத்துவின் புதுப் பெட்டி திறந்து கிடக்கிறது. சக்கரங்களில் வெங்காயச் சருகு. தகரக் கூரையில் சாரல். சிவப்பு எண்கள் முப்பத்திரண்டு கிலோ என்கின்றன. நாளைக்குச் சவுதியிலுள்ள தம்மாம் போகும் விமானத்தில் முப்பதுதான் ஏற்றுவார்கள். பக்கத்து வீட்டு மெஹர் பானு, அங்கே இருக்கும் தன் மகனுக்கென்று துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்த பொதியை மணிமுத்து எடுத்து வெளியே வைக்கிறான். எண் இருபத்தொன்பதரைக்கு இறங்குகிறது. "இப்பம் சரியாப் போச்சுலே," என்கிறார் மண்டிக்காரர். அவருக்குப் பின்னால் கத்தரிக்காய்ப் பையோடு மெஹர் பானுவே நிற்கிறாள். மணிமுத்துவுக்குக் காது சுடுகிறது.

"வெயிட்டு பாக்கத்தான் எடுத்தேம்மா. திரும்ப வச்சிருவேன்."

"அதுக்கென்னப்பா. முத முத போற புள்ள, ஒனக்கே எவ்வளவோ சாமான் இருக்கும்."

அவள் குத்தவைத்துப் பொதியின் தையலைப் பல்லால் பிரிக்கிறாள். கருப்பட்டியும் ஊறுகாய் பாட்டிலும் கத்தரிக்காய்மேல் போய் உட்காருகின்றன. ஒரு கைப்பிடி கூழ்வத்தலை மட்டும் கவரில் முடிந்து, பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ஜோடி புது ஷூவும் கசங்காதபடி ஓரமாகச் செருகுகிறாள். "ஏறுதான்னு பாருங்க அண்ணாச்சி," என்று மண்டிக்காரரிடம் கேட்கிறாள்.

எண் ஏறவில்லை; இருபத்தொன்பதரையிலேயே நிற்கிறது. அந்தச் சிவப்பு எண்களிலிருந்து மணிமுத்து கண்ணை எடுக்காமல் நிற்கிறான்.