அஞ்சாந்தேதி போன்

கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கிய ஆறுமுகத்தாய் டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இன்று ஐந்தாம் தேதி. காவியா கூப்பிடுவாள்.

கைப்பையில் வங்கிக் கடிதம் இருந்தது. மூன்றாவது கிரெடிட் கார்டின் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று மதுரைக் கிளையில் சீல் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். ஆனால் சாத்தூர் தாண்டியதிலிருந்தே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கடன் முடிந்துவிட்டது. இனி அந்தப் பெண் எதற்காகக் கூப்பிடப் போகிறாள்?

மூன்று கார்டும் கணவர் தங்கப்பாண்டியனின் சிறுநீரக வைத்தியத்துக்குத் தேய்த்தவை. அரசுப் பள்ளி டீச்சர் என்பதால் வங்கிக்காரர்கள் கேட்காமலே அவள் பெயருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

பெண்டாட்டி தலையில் கடனை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான் என்று அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அதனால் கழுகுமலையில் இருக்கும் சொந்த அண்ணனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

காலையும் மாலையும் டியூஷன் எடுத்தாள். பள்ளிக்கு நடந்தே போனாள். சங்கிலியை விற்றுவிட்டுக் கழுத்துவரை மூடிய ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள். இப்படி நான்கு வருஷம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் காவியாதான். வங்கிக்காகச் சென்னையிலிருந்து போன் போட்டுக் கடன் வசூலிக்கிற பெண்.

ஆரம்பத்தில் அவள் பேசியதெல்லாம் பேச்சா? பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்புவோம், ஹெட்மாஸ்டரிடம் சொல்வோம் என்பாள். டீச்சர் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாய் ஒதுங்கி நின்று, யாரும் வருகிறார்களா என்று பார்த்தபடியே கேட்டுக்கொள்வாள்.

ஒருநாள் கோபத்தில் காவியாவின் வாயிலிருந்து, "இந்த மாசமாவது கட்டுதீங்களா இல்லையா?" என்று வந்துவிட்டது.

நம்ம பக்கத்துப் பேச்சு. எந்த ஊரும்மா என்று டீச்சர் கேட்டாள். புதியம்புத்தூர் என்று சின்னக் குரலில் பதில் வந்தது.

அதற்கப்புறம் மிரட்டல் இல்லை. மாதாமாதம் அந்தக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் ஆயுசுக்கும் முடியாது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். சின்னக் கடனை முதலில் அடைக்கச் சொன்னாள். அடைத்த கையோடு கார்டைக் கத்தரியால் வெட்டிப் போடச் சொன்னாள்.

தங்கப்பாண்டியனுக்குத் திதி வந்த மாதம் டீச்சர் கையில் காசில்லை. சொல்லத் தயங்கினாள். இந்த மாசம் கொஞ்சமாகக் கட்டுங்க, சாருக்குக் குறையில்லாமல் செய்யுங்க என்று காவியாவே சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் தேதி தவறியதில்லை. எவ்வளவு கட்டினீங்க, ரசீது வாங்கினீங்களா, சாப்பிட்டீங்களா. சளி பிடித்திருந்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

போன் அடித்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றதும் அந்தப் பக்கம் காவியா அழுதுவிட்டாள். டீச்சருக்கும் தாங்கவில்லை. நடைமேடையில் ஆட்கள் பார்ப்பதை நினைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு, உங்க மேனேஜரிடம் போனைக் கொடு என்றாள். இப்படி ஒரு பிள்ளை வேலைக்குக் கிடைத்ததற்கு அவர் கொடுத்து வைத்தவர், அதை நானே அவரிடம் சொல்ல வேண்டும் என்றாள்.

போனில் நிறையத் தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த வேலைய விட்டு எட்டு மாசமாச்சு டீச்சர். இங்கன, நம்ம ஊர்லதான் சட்டைக்குக் காலர் தைக்கேன்."