சமையலறை வரும் இடம்

சமையலறை வரும் மூலையில் நான்கு முட்டைகள் கிடந்தன.

முளையடித்து வெள்ளைக் கயிறு கட்டியிருந்த மனை அது. சின்னக் குழி. கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்திருந்தன, ரகசியம் பேசுவதுபோல். ஆய்வுக்கு வந்தவள் முழங்காலிட்டுக் குனிந்தாள். தொடவில்லை.

மனைக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். மாணவர் விடுதியில் சமையல்காரர். இந்த வீட்டுக்காக எட்டு வருடம் ஓடாய்த் தேய்ந்தவர். அவருடைய மனைவி ஏழு மாத வயிற்றோடு, நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க அது?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது.

சதுப்பு நிலத்தை ஒட்டி யார் வீடு கட்டினாலும் நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஐம்பது மீட்டர் தள்ளியிருந்தால் போதும். இவருடைய மனை ஐம்பத்தொன்று. காகிதமெல்லாம் கச்சிதம். மிச்சமிருந்தது ஒரே ஒரு விதி. மனையில் பறவை அடைகாத்தால் மூன்று மாதம் மண்வெட்டி படக் கூடாது.

மூன்று மாதம் கழிந்தால் மழை. மழை பிடித்துவிட்டால் அந்தத் தரையில் அஸ்திவாரம் தோண்ட முடியாது. அப்புறம் அடுத்த வருடம்தான்.

அதுவரை அண்ணன் வீட்டின் அந்த ஒற்றை அறைதான். குழந்தை பிறந்து தவழ்வதும் அங்கேதான். அண்ணி நல்லவள். ஆனால் நல்லவள் வீட்டிலும் ஒரு குளியலறைதான் இருக்கிறது.

ஆய்வாளருக்கும் ஒரு கவலை இருந்தது. ஆறு வருடமாக மனை மனையாக ஏறி இறங்குகிறாள். ஒன்றுக்குக்கூட 'வேண்டாம்' என்று எழுத முடிந்ததில்லை. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஐம்பத்தொன்றில் நின்றார்கள். தண்ணீருக்கும் எதிர்ப்பக்கப் புல்வெளிக்கும் நடுவே பறவைகள் நடந்துபோக மிஞ்சியிருந்த இடைவெளி இந்த ஒரு மனை. அதற்கு வந்து வாய்த்தவர்களோ, குறை சொல்ல முடியாத மனிதர்கள்.

சமையல்காரர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், இது காடை முட்டை. விடுதியில தினம் இருநூறு உரிக்கிறேன், எனக்குத் தெரியாதா? யாரோ வேணும்னே கொண்டுவந்து வச்சிருக்காங்க. ஒண்ண கையில எடுத்தா ஒரு நொடியில சொல்லிடுவேன்."

நீண்ட கையை அவள் தடுத்தாள். "தொடக் கூடாதுங்க. விதி அப்படி."

"அப்ப, உங்க விதியில வேற என்னதான் இருக்கு?"

இருந்தது. சந்தேகம் வந்தால் நாற்பதடி தள்ளி நின்று அரை மணி நேரம் பார்க்க வேண்டும். பறவை வந்து உட்கார்ந்தால் அது கூடு. வராவிட்டால் வெறும் முட்டை, அனுமதி அன்றைக்கே.

கேட்டதும் அவருக்கு உயிர் வந்தது. போன வாரம்தான் மண் தள்ளும் இயந்திரத்தை விட்டுத் தரையைச் சமன் செய்திருந்தார். அதற்குள் எந்தப் பறவை வந்து குடித்தனம் வைக்கும்?

எதுவும் வராது என்றுதான் அவளும் நினைத்தாள். அப்படி நினைத்தபோது ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

மூவரும் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார்கள். சமையல்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குழியைப் பார்த்தார். நிமிடத்துக்கு ஒரு தரம் கைபேசியில் மணி பார்த்தார். மைனா ஒன்று கயிற்றில் வந்து உட்கார்ந்தது. இடம் பிடிக்காமல் கிளம்பிப் போனது. மனைவி மட்டும், இது தன் வீட்டு விவகாரம் என்பதையே மறந்து, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"வந்தா எந்தப் பக்கத்துலேருந்து வரும்?" என்று ஆய்வாளரின் காதில் கிசுகிசுத்தாள். கணவர் முறைத்தார்.

"தள்ளி இறங்கி, நடந்துதான் வரும்."

இருபத்துமூன்றாவது நிமிடம் ஒன்று நடந்து வந்தது.

நீண்ட மஞ்சள் கால்கள். கண்ணுக்கு முன்னால் சிவப்பு. ஆட்காட்டி. நாலடி ஓடியது, நின்றது, தனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை என்பதுபோல் வேறெங்கோ பார்த்தது. மறுபடி நாலடி. கயிற்றுக்கு அடியில் குனிந்து, வரவிருந்த கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் நுழைந்தது.

குழியின் விளிம்பில் வெகுநேரம் நின்றது. அலகால் ஒன்றைத் தள்ளி, இன்னொன்றை இழுத்து, சரிசெய்தது. பிறகு வயிற்று இறகுகளை விரித்து மெல்ல உட்கார்ந்தது.

மனைவி சிரித்துவிட்டாள். அடுத்த நொடி என்ன நடந்துவிட்டது என்பது உறைக்க, முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஆய்வாளர் படிவத்தை எடுத்தாள். போன வாரம் இயந்திரம் ஓடுவதற்கு முன் இந்தத் தரையில் அந்தப் பறவைக்கு என்ன இருந்ததோ, யாரும் பார்க்கவில்லை. அதில் 'அடைகாக்கிறது' என்ற கட்டத்தில் குறியிட்டாள். அது பொய்யில்லை. மூன்று பேர் கண்ணால் பார்த்தது.

சமையல்காரர் அவளை நோக்கி வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தாள்.

"யாரோ வச்சதுன்னு அபாண்டமா சொல்லிட்டேன் மேடம். தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. பறவையைப் பார்த்தாள். வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தது. இன்னும் நான்கு வாரம் அப்படி உட்காரும்.

நேற்று மாலை, வரும் வழியில் பைக்குள் உடைந்துவிடக் கூடாதே என்று, அந்த நான்கு காடை முட்டைகளையும் அவள் அவித்து எடுத்து வந்திருந்தாள்.